பூட்ஸ் எங்கே கடிக்கிறது? வேலைக்கான தோல் பூட்ஸில் வரும் தொல்லைகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

புது பூட்ஸ் கடித்தால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போட்டுக்கிட்டே இருங்க, பழகிடும்." சில கடிகளுக்கு அது சரியான பதில். சில கடிகளுக்கு அந்தப் பதிலை நம்பினால் கால் நகமே போய்விடும். எந்தக் கடி பழகும், எது பழகாது என்று முதல் இரண்டு நாளிலேயே பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் காலும் பிழைக்கும், காசும் பிழைக்கும்.

எனக்கு எரெக்‌ஷன் (கட்டமைப்புகளைத் தூக்கி நிறுத்தும்) சைட்டில் சூப்பர்வைசர் வேலை. காலை ஏழரைக்கு மாட்டும் பூட்ஸை மாலை ஆறு மணிக்கு மேல்தான் கழற்றுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேட்டூரில் இருந்தபோது, சுண்டுவிரல் பக்கம் கடித்த ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் பூட்ஸை வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தோலு அகலத்துக்கு வரும், நீளத்துக்கு வராது. பக்கத்துல கடிச்சா எங்கிட்ட கொண்டாங்க. நுனியில முட்டினா கடையில திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் சொன்னதற்குக் காரணம் பூட்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. நல்ல வேலை பூட்ஸில் அடியில் இன்சோல், நடுவில் சோலுக்கு விறைப்புத் தரும் இரும்புப் பட்டையான ஷாங்க், பின்னால் குதிகாலைப் பிடிக்கும் கெட்டிக் கிண்ணம், முன்னால் விரல்களை மூடும் இரும்புக் கவசமான டோ கேப் என்று நாலு விறைப்பான பாகங்கள் நீளவாக்கில் வரிசையாக நிற்கின்றன. அவை அசையாது. பக்கவாட்டில் இருப்பது வெறும் தோல். அது மட்டும்தான் காலுக்கு வழிவிடும். கீழே வரும் ஒவ்வொரு தொல்லையையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றியதும் சாக்ஸை உருவிவிட்டுப் பாதத்தைப் பாருங்கள். சிவந்திருக்கும் இடம்தான் துப்பு. "விரல் பக்கம் வலிக்குது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. சிவந்த இடத்துக்கு நேராக சாக்ஸின் மேல் ஈரக் குங்குமத்தைத் துளி தொட்டு வைத்து, பூட்ஸை மாட்டி நாலு அடி நடந்து கழற்றுங்கள். உள்தோலில் புள்ளி விழுந்திருக்கும். தோலைத் தளர்த்தப் போகிறவருக்கு அந்தப் புள்ளி போதும்.

விரல் நுனி முன்னால் முட்டுகிறது

சமதரையில் ஒன்றும் தெரியாது. மாடிப்படி இறங்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் பெருவிரலோ இரண்டாம் விரலோ போய் இடிக்கும். ஒரு வாரத்தில் நகம் கருக்கும்.

இது பழகாது. சாக்ஸை மாற்றினாலும், எண்ணெய் போட்டாலும், ஊறவைத்தாலும் பழகாது. ஒன்றே ஒன்றை மட்டும் முதலில் சோதியுங்கள்: லேஸ் தளர்வாக இருந்து கால் முன்னால் சறுக்குகிறதா? குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் மடிப்பில் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு படி இறங்கிப் பாருங்கள். அப்போது முட்டாவிட்டால் குறை லேஸில். அப்போதும் முட்டினால் நீளம் போதவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீளம் தப்பாக வருவதற்குப் பெரிய காரணம் எண் குழப்பம். நம் கடைகளில் இருப்பது யூகே எண். அமெரிக்க பூட்ஸை ஆன்லைனில் வாங்கும்போது அது யூஎஸ் எண். ஆண்களுக்கான அளவில் யூஎஸ் எண் பெரும்பாலும் ஒன்று கூடுதலாக இருக்கும். நீங்கள் யூகே 8 போடுபவர் என்றால் அங்கே 9. இது தெரியாமல் 8 வாங்கினால் ஒரு முழு எண் குறைந்துபோகும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய எண்ணில் அதே வித்தியாசம் ஆறேமுக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகையால் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் யோசிப்பதே நல்லது. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு சுவரில் குதிகாலை ஒட்டி நின்று இரண்டு காலையும் அளந்துகொள்ளுங்கள். பலருக்கு ஒரு கால் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கு வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டோ கேப் இருக்கும் பூட்ஸில் வெளியிலிருந்து அழுத்தி இடம் பார்க்க முடியாது, இரும்பு மறைத்துவிடும். இன்சோல் ஷீட் கழற்றக் கூடியதாக இருந்தால் அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். முன்னால் எவ்வளவு மிச்சம், பக்கத்தில் பாதம் பிதுங்குகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

சுண்டுவிரல் அல்லது பெருவிரல் மூட்டுப் பக்கம் கடி

இதுதான் அடிக்கடி வருவது, சரிசெய்யவும் கூடியது. நம் ஊரில் சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து வளர்ந்தவர்கள் நிறைய. முன்பாதம் விரிந்திருக்கும். ஒடுக்கமான அச்சில் செய்த பூட்ஸ் அந்தப் பாதத்துக்குப் பக்கவாட்டில் இறுக்கும். அதற்குப் பலர் செய்வது ஒரு எண் பெரிதாக வாங்குவது. நானும் செய்திருக்கிறேன். அகலம் கிடைக்கும், ஆனால் பூட்ஸ் மடிய வேண்டிய இடம் உங்கள் விரல் மூட்டை விட்டு முன்னால் தள்ளிப்போகும். அப்புறம் குதிகால் தூக்கும், டோ கேப்பின் விளிம்பு விரலில் இடிக்கும். ஒரு தொல்லைக்குப் பதிலாக மூன்று. வாங்கும்போதே அகலக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க அளவில் ஆண்களுக்கு டி என்பது சாதாரண அகலம். இ, டபுள் இ என்று போகப் போக அகலம் கூடும்.

வாங்கியாகிவிட்டது, பக்கம் மட்டும் கடிக்கிறது என்றால் தோலைத் தளர்த்தலாம். அந்தப் பெரியவர் செய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கடிக்கும் இடத்தில் வெளியே சாக்பீஸால் வட்டம் போட்டார். உள்ளே அந்த இடத்தை ஈரத் துணியால் மூன்று நான்கு முறை ஒற்றினார். தோல் சொதசொதவென்று ஆகவில்லை, லேசாக நிறம் மாறியது, அவ்வளவுதான். பிறகு சுத்தியலின் பிடியை, அந்த வழவழப்பான உருண்டை நுனியை, உள்ளே விட்டு வட்டத்துக்குள் மட்டும் வெளிப்பக்கமாக அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பத்து நிமிடம் இருக்கும். வெளியே சின்னதாக ஒரு புடைப்பு எழுந்தது. அதற்கு மேல் செய்யவில்லை. "காய்ஞ்ச பிறகு போட்டுப் பாருங்க, பத்தலைன்னா மறுபடி வாங்க" என்றார். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததால்தான் தையல் விடாமல் தப்பித்தது. வீட்டில் செய்வதென்றால் திருகினால் விரியும் மரக்கட்டை ஸ்ட்ரெட்சர் கிடைக்கிறது. கடிக்கும் இடத்துக்கு நேராகச் சொருக அதில் சின்னக் குமிழ்களும் வரும். இரவு மாட்டிக் காலையில் எடுங்கள். இரண்டு மூன்று இரவு ஆகலாம்.

ஆனால் கடி டோ கேப்புக்குள் விழுந்தால் இதெல்லாம் பலிக்காது. இரும்பு விரியாது. குங்குமப் புள்ளி கேப்பின் எல்லைக்குள் விழுந்திருந்தால் அந்த ஜோடியை விட்டுவிட்டு முன்பக்கம் அகலமான கேப் உள்ளதாக மாற்றுங்கள். கேப்பைச் சூடாக்குவது, தட்டி நெளிப்பது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஐஎஸ் 15298 (பகுதி 2) என்ற இந்தியத் தரக் குறி உள்ள பாதுகாப்பு பூட்ஸின் கேப் 200 ஜூல் அடியைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறக்குறைய சமம். நெளித்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. கேப்பின் மேல் ஒருமுறை கனமாக ஏதாவது விழுந்திருந்தாலும், வெளியே ஒரு கீறல் தெரியாவிட்டாலும், ஜோடியை மாற்றிவிடுங்கள்.

குதிகால் மேலே தூக்குகிறது

கொஞ்சம் தூக்கினால் பயப்பட வேண்டாம். கெட்டியான சோல் புதிதில் வளையாது. கால் வளையும், சோல் வளையாது, அப்போது குதிகால் எழும்பித்தானே ஆக வேண்டும்? அரை சென்டிமீட்டர் வரைக்கும் எழும்பினால், சோல் மடியப் பழகியதும் இரண்டு மூன்று வாரத்தில் அது தானாகக் குறையும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி, ஒவ்வொரு அடிக்கும் தோல் உரசுகிறது என்றால் பூட்ஸ் பெரிது, அல்லது உள்ளே கொள்ளளவு அதிகம்.

முதல் வைத்தியம் லேஸ். கணுக்கால் மடியும் இடத்துக்கு வந்ததும் லேஸை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அந்த முறுக்கு அங்கேயே நின்றுகொள்ளும். கீழே விரல் பக்கம் தளர்வாகவும் மேலே கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் வைத்துக்கொள்ள முடியும். இது பலருக்குத் தெரிவதில்லை. என்னுடன் வேலை பார்த்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் இரண்டு வருடம் குதிகாலில் பிளாஸ்திரியோடு திரிந்தார். இந்த ஒரு சுற்றில் அவருக்கு அது நின்றது.

இரண்டாவது, லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்குக்கு அடியில் ஒட்டும் பேட். அது பாதத்தைப் பின்னால் தள்ளிக் குதிகாலைக் கிண்ணத்தில் உட்காரவைக்கும். குதிகாலுக்குப் பின்னால் பேட் ஒட்டுவதைவிட இது நல்லது. பின்னால் ஒட்டினால் கால் முன்னால் தள்ளப்பட்டு விரல் முட்ட ஆரம்பிக்கும். மூன்றாவது, கொஞ்சம் தடிமனான இன்சோல். இதில் மட்டும் கவனம் தேவை. இன்சோல் உயர்ந்தால் டோ கேப்புக்கும் விரலுக்கும் இடையே உள்ள இடைவெளி குறையும். பாதுகாப்பு பூட்ஸை அதன் சொந்த இன்சோலோடு வைத்துத்தான் சோதித்திருப்பார்கள். மாற்றுவதானால் அதே நிறுவனம் அந்த மாடலுக்கென்று தருவதையே வாங்குங்கள்.

குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று, கழற்றி, மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பாதிப் பயன்தான்.

நடக்கும்போது மடிப்பு விரல்மேல் குத்துகிறது

முன்பக்கத் தோல் முதன்முதலில் எங்கே மடிகிறதோ அந்த மடிப்புதான் கடைசி வரை நிற்கும். அது கோணலாக விழுந்தால் உள்பக்கம் ஒரு முண்டு எழுந்து விரலின் மேல் குத்தும். முதல் நாளே பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. பூட்ஸை மாட்டி லேஸ் கட்டி, விரல் மூட்டுக்கு நேர் மேலே ஒரு பேனாவைக் குறுக்காக வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்துங்கள். பேனா இருக்கும் இடத்தில் தோல் நேராக மடியும். இரண்டு காலுக்கும் செய்யுங்கள். ஏற்கெனவே கோணலாக விழுந்துவிட்டது என்றால், உள்ளே அந்த முண்டில் லேசாக ஈரம் ஒற்றி, சுத்தியல் பிடியால் தேய்த்துத் தட்டையாக்கலாம்.

குத்துவது தோல் மடிப்பா, கேப்பின் பின்விளிம்பா என்று பிரித்தறிய முட்டி போட்டுப் பாருங்கள். வெல்டர், டைல்ஸ் போடுபவர், பைப் ஃபிட்டர் எல்லாம் நாளில் பாதி நேரம் ஒரு முட்டி ஊன்றி விரல்களை மடக்கித்தான் வேலை செய்கிறார்கள். அந்த நிலையில் விரல் முதுகில் கோடு போட்டது போலக் குத்தினால் அது கேப் விளிம்பு. அளவு பெரிதாக இருந்தாலும் இது வரும், அச்சு பொருந்தாவிட்டாலும் வரும். இரண்டும் பழகிச் சரியாவதில்லை. கடையில் போட்டுப் பார்க்கும்போது நடந்து மட்டும் பார்க்காமல் முட்டி போட்டும் பாருங்கள்.

மேல்பாதம் மரத்துப்போகிறது

லேஸ் அழுத்தம்தான். வலிக்கும் இடத்துக்கு நேரே உள்ள ஒரு ஜோடிக் கண்ணில் (லேஸ் ஓட்டையில்) மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல், பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி அடுத்த கண்ணில் விடுங்கள். அநேகமாக அன்றைக்கே நின்றுவிடும்.

உள்ளங்கால் வளைவில் வலி

ஏணியில் நின்று வேலை செய்பவர்களுக்கு இது வரும். காரணம் இரண்டில் ஒன்று. ஷாங்க் இல்லாத பூட்ஸ் என்றால் ஏணிப்படியின் விளிம்பு நேராக உள்ளங்காலை வளைக்கும். பூட்ஸின் நடுப்பகுதியைக் கையால் முறுக்கிப் பாருங்கள், துணி போல முறுக்கினால் அதை ஏணி வேலைக்குப் போடாதீர்கள். ஷாங்க் இருந்தும் வலித்தால், பூட்ஸின் வளைவு உங்கள் வளைவு இருக்கும் இடத்தில் இல்லை.

இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு பாதங்களில் ஒருவருக்கு விரல் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு வளைவு நீளமாக இருக்கும். நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய அளவுக் கருவி உலகம் முழுவதும் காலணிக் கடைகளில் இருக்கிறது. அது குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒரு அளவும், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை தனியாக ஒரு அளவும் எடுக்கும். இரண்டும் வேறுபட்டால் மூட்டு அளவுக்குப் பொருந்துவதைப் போட்டுப் பார்க்க வேண்டும், விரல் முட்டாத வரைக்கும். கருவி இல்லாவிட்டால், பூட்ஸின் மிக அகலமான இடத்தில் உங்கள் பெருவிரல் மூட்டு நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சொல்லிச் செய்யும் பூட்ஸ்: எதைக் கேட்பது, எதை விடுவது

மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று உங்களுக்கு இருக்கிறது, எந்த ரெடிமேடும் ஒத்துவரவில்லை என்றால் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரின் வைட்ஸ், நிக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் இதற்குப் பேர்போனவை. மரம் வெட்டுபவர்களும் காட்டுத்தீ அணைப்பவர்களும் போடும் பூட்ஸ் அவை. அளவு நீங்களே எடுக்கக் கூடாது. காகிதத்தின் மேல் இரண்டு காலிலும் எடையைச் சமமாக ஊன்றி நில்லுங்கள், இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையட்டும். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அகலம் குறைந்துவிடும். பிறகு டேப்பால் விரல் மூட்டைச் சுற்றி, மேல்பாதத்தைச் சுற்றி, குதிகாலிலிருந்து மேல்பாதம் சுற்றி, கணுக்காலைச் சுற்றி என்று நாலு சுற்றளவு.

கேட்க வேண்டியதை வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். அந்த மரம் வெட்டும் பூட்ஸின் உயரமான ஹீல் மலைச்சரிவுக்கும் கம்பம் ஏறவும் ஆனது. நாள் முழுக்க சமமான கான்கிரீட் தரையில் நிற்பவருக்கு அது முழங்கால் வலியைத்தான் கொடுக்கும். அவருக்கு ஹீல் தனியாக இல்லாத பட்டை வெட்ஜ் சோல் சுகம். சேறும் சரளையும் உள்ள சைட்டுக்கு ஆழமான பல் உள்ள ரப்பர் சோல். அந்தப் பல் சோலின் கதை சோகமானது. 1935ல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிப்புயலில் இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். வழுக்காத ரப்பர் சோல் வேண்டும் என்று அவர் இறங்கி உருவாக்கியதுதான் 1937ல் வந்த வைப்ரம் சோல். ஆனால் அதே பல்லுக்குள் ஈர சிமெண்ட் அடைந்து காய்ந்துவிட்டால் வழவழ இரும்புப் படியில் வழுக்கும். ஏணிக்குப் போகுமுன் குச்சியால் நோண்டிவிடுங்கள்.

மேல் கண்களுக்குப் பதில் கொக்கி கேட்டால் மாட்டவும் கழற்றவும் சீக்கிரம். கம்பி, கயிறு, வலை மாட்டும் இடத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் கடைசி வரை கண்ணே கேளுங்கள். நம் வெயிலுக்கு ஆறு அங்குல உயரம் போதும். எட்டு அங்குலம் கேட்பதானால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: தீப்பொறி, புதர், சேறு. தோலில், மேல்பரப்பைச் சீவாத முழுத்தோலைக் கேளுங்கள், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனம். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் எழுந்து விட்டதும் மறைய வேண்டும். பிளாஸ்டிக் போல ஒரே மடிப்பாகப் பள்ளம் விழுந்தால் அது அடித்தோலின் மேல் பூச்சு பூசியது.

சோல் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் மிக முக்கியம். வெல்ட் (மேல்தோலையும் சோலையும் இணைக்க விளிம்பைச் சுற்றி வரும் பட்டை) தையல் உள்ளதென்றால் தேய்ந்த சோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சோலை அப்படியே உருக்கி வார்த்து ஒட்டியதென்றால் சோல் போனால் பூட்ஸ் போனது.

பழக்கும் நாட்கள்

புதுக் காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவதில்லை. அதுபோலத்தான். முதல் மூன்று நாள் வீட்டுக்குள், ஒரு மணி, இரண்டு மணி நேரம். சுத்தமான தரையில் நடந்தால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் போகாது. நாலாம் நாளிலிருந்து அரை நாள் வேலைக்கு. மதியத்துக்கு மேல் பழைய ஜோடி. இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வெல்ட் பூட்ஸில் இந்த நாட்களில் நடப்பது வெறும் தோல் தளர்ச்சி மட்டுமல்ல. தாவரப் பட்டையில் பதனிட்ட கெட்டி இன்சோலும் அதன் கீழே உள்ள கார்க் நிரப்பும் உங்கள் சூட்டிலும் வியர்வையிலும் எடையிலும் மெல்ல அமுங்கி உங்கள் பாதத்தின் பள்ளத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு மாதம் கழித்து உள்ளே கைவிட்டுத் தடவினால் ஐந்து விரலின் குழியும் தெரியும்.

தண்ணீரில் ஊறவைத்து காலிலேயே காயவிடுவது என்று ஒரு பழைய வழி உண்டு. வேண்டாம். ஹாட் கன், அடுப்பு, கம்ப்ரசர் மேல் வைத்துக் காயவைப்பது இன்னும் மோசம். மேலே உள்ள, குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் சூடு தாங்கும்; தோல் பதனிடும் ஷாப்பில் அதைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பதே ஒரு சோதனை. பட்டையில் பதனிட்ட இன்சோலுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் அது சுருண்டுவிடும், பிறகு நிமிராது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் "பழகிடும்" என்று ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. தினமும் சாயங்காலம் வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். சின்னப் புண் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வியர்வை, நாற்றம், பூஞ்சை

ஒரே ஜோடியைத் தினமும் போட்டால் அது ஒருநாளும் முழுதாகக் காய்வதில்லை. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும் என்பது என் அனுபவம். கழற்றியதும் இன்சோல் ஷீட்டை உருவி வெளியே வையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில், நிழலில். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கால் தோலை ஊறவைக்கும். நைலானோ கம்பளியோ கலந்தது கொப்புளத்துக்கு நல்லது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் மூலையில் கிடந்தால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் பிரஷால் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியால் துடைத்து, காற்றில் உலர்த்துங்கள். நிறம் போகிறதா என்று நாக்கின் அடியில் முதலில் துடைத்துப் பார்ப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது நாளடைவில் காறிப்போய் நாறும், தூசியைப் பிடிக்கும். தேன்மெழுகு கலந்த தோல் கிரீம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பட்டும் படாமல் தடவினால் போதும்.

விரல் மடிப்பில் தோல் வெடிக்கிறது

கட்டட வேலைக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, காரணம் சிமெண்ட். ஈர கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச் 12, 13 வரை போகும். பதனிட்ட தோலோ அமிலப் பக்கம் இருப்பது. சிமெண்ட் பால் மடிப்பில் இறங்கிக் காய்ந்தால் தோலிலிருக்கும் எண்ணெயை எல்லாம் எடுத்துவிடும். ஆறே மாதத்தில் அப்பளம் போல மொறுமொறுவென்று ஆகி வெடித்த ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் கழற்றுமுன் பிரஷால் தட்டிவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள். நிறைய ஒட்டியிருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, மறுபடி வெறும் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கிரீம். நாள் முழுக்க கான்கிரீட்டில் நிற்கும் வேலை என்றால் அன்றைக்கு ரப்பர் கம்பூட் போடுங்கள். தோல் பூட்ஸ் அதற்கானதல்ல, காலுக்கும் அது நல்லதல்ல. சிமெண்ட் உள்ளே இறங்கினால் கால் தோலைச் சுட்டுவிடும்.

வெடிப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டால் மூடாது. கிரீம் அடுத்த வெடிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது

பத்திரமாக டப்பாவில் வைத்திருந்த பூட்ஸ். இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்து மாட்டி நாலு அடி வைத்ததும் சோல் கேக் போல உடைந்து விழுகிறது. வாங்கியவர் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார். பியூ எனப்படும் பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கடலோர ஊர்களில் அது வேகமாக நடக்கும். போடாமல் மூடி வைப்பது அதைத் தடுக்காது.

எனவே இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பரணில் போட்டுவைக்கும் பழக்கம் பியூ சோலுக்கு ஆகாது. வாங்கும்போது உள்ளே நாக்கிலோ அடியிலோ அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் ஜோடி மூன்று நாலு வருடம் கோடவுனில் கிடந்ததாக இருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், உயரத்தில் ஏறுமுன் சோலின் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்த இடம் மீளாமல் மாவு போல உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, மெல்லிய விரிசல்கள் தெரிந்தாலோ அதைப் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைக்காதீர்கள். ரப்பர் சோல் இப்படிச் சிதைவதில்லை. வெல்ட் தையலில் ரப்பர் சோல் போட்டதென்றால், ஹீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து வெல்ட் தோலைத் தொடுவதற்கு முன்பே கொடுத்து மாற்றுங்கள். வெல்ட் தோலே தேய்ந்துவிட்டால் முதலில் அதைப் பிரித்துப் புதிது தைக்க வேண்டும், செலவு ஏறிவிடும்.